கம்பியக்காவின் ஆபீஸ் காது

குடிநீர் வாரியத்தில் கம்பியக்காவுக்கு ஓர் உத்தியோகப் பெயர் இருந்தது. ஆபீஸ் காகிதங்களில் ஒரு வரி முழுக்க ஓடுகிற பெயர். அதைக் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்துப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருப்பதாகத் தகவல் இல்லை. அவர் செய்த வேலையைச் சொல்ல அவ்வளவு நீளம் தேவையுமில்லை. நெஞ்சளவு உயரமுள்ள ஓர் இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றுவார். அதன் தலையில் பித்தளைக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் வலது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காது சொல்லும். சொன்ன இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி விழுந்த இடத்தை மேஸ்திரி வெட்டுவார்.

நிர்வாகம் முழுக்க இந்தச் சாக்பீஸுக்குக் கட்டுப்பட்டிருந்தது. பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால்கூட ஒரு கல் நகராது. அக்கா பெருக்கல் குறி போட்டால் தார் ரோடு இரண்டாகும். ஏன் என்று கேட்கும் பழக்கம் அந்த ஆபீஸில் யாருக்கும் கிடையாது. "அக்கா குறி போட்டா, ஒழுகாத குழாய்கூட மரியாதைக்காக ஒழுகிடும்" என்பார் மேஸ்திரி. அவர் மலை மாதிரி ஆள். கடப்பாரையைப் பல் குத்துகிற குச்சி மாதிரி பிடிப்பார்.

அக்காவிடம் காதுகள் இரண்டு இருந்தாலும் அவற்றுக்கு இடையே பதவி வித்தியாசம் இருந்தது. வலது காது ஆபீஸ் காது. சின்னக் கசிவு சீறும், பெரிய உடைப்பு உறுமும், சாக்கடை கொட்டாவி விடும், நிலத்தடிக் கேபிள் முனகும் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆகிற படிப்பு அதற்குள் இருந்தது. இடது காது வீட்டுக் காது. டெலிபோனும் கணவரின் பேச்சும் அதற்கு. படிப்பு தேவைப்படாத வேலை.

கணவர் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார். நாள் முழுவதும் அடுத்தவர்களின் தாத்தாக்களைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேச ஆள் தேடுகிற மனிதர்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒருநாள் காலையில் பல் துலக்கிய அக்காவின் வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது.

மின்சாரம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. கன்னத்திலிருந்து மேல்தாடை வழியாக ஒரு கம்பி இழுத்து, யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில் அக்கா, பிரஷ்ஷும் நுரையுமாக, இருபது வருஷமாகக் கும்பிடாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு காற்று பட்டால் வலி. முகம் கழுவினால் வலி. மென்றால் வலி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பேசினால் வலி.

அக்கா பேச்சை நிறுத்தினார். வீட்டில் கண்ணாலும் கையாலும் நிர்வாகம் நடந்தது. புருவம் உயர்ந்தால் டீ. விரல் ஆடினால் ஃபேன். இரண்டும் சேர்ந்தால் கணவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். மனுஷர் முதலில் பயந்தார். பிறகு துக்கப்பட்டார். பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமே, பழகிக்கொண்டார். சாயங்காலம் ஏழு மணிச் செய்தியை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை கேட்கிற பாக்கியம், கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு அப்போதுதான் வாய்த்தது. ஆனாலும் நல்ல மனிதர். அவரே கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

பல் டாக்டருக்குச் சந்தேகம் என்கிற பழக்கம் இல்லை. அக்கா மேல்தாடையைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான்மா. கடைவாய்ப் பல்லு."

அக்கா கையை விரித்து, நிச்சயமா என்று சைகையில் கேட்டார்.

"நிச்சயம். நான் பார்க்காத பல்லா?"

பிடுங்கினார். சொத்தை இல்லாத, உறுதியான, இன்னும் முப்பது வருஷம் எலும்பு கடித்திருக்கக்கூடிய பல். வலி அசையவில்லை. அடுத்த வாரம் போனார்கள். டாக்டர் கொஞ்சமும் அசராமல், "அப்ப பக்கத்துப் பல்லு" என்றார். அதையும் பிடுங்கினார். வலி, இடைஞ்சல் குறைந்த மகிழ்ச்சியில், இன்னும் தாராளமாக நடமாடியது.

அன்றிலிருந்து அக்காவின் மனத்தில் பல் டாக்டருக்கு ஒரு தனி அறை ஒதுக்கப்பட்டது. அந்த அறையில் நாற்காலி கிடையாது, ஜன்னல் கிடையாது, அவருக்கு மன்னிப்பும் கிடையாது.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டார்.

"முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு இது. மூணு கிளையாப் பிரியுது. உங்களுக்கு என்னாச்சுன்னா, மண்டைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் இந்த நரம்பு மேல படுத்துக்கிட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் இடிக்குது. அதுதான் வலி. பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

கம்பியக்கா நெடுநாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். வலித்தது; ஆனாலும் விஷயம் தொழில் சம்பந்தப்பட்டது. "ரெண்டு லைன் உரசுது. நடுவுல பேக்கிங் வெக்கப் போறீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வழக்கமா அரைமணி நேரம் ஆகும்மா."

"எங்கே வெட்டுவீங்க?"

"காதுக்குப் பின்னாடி, எலும்புல சின்னதா ஒரு ஓட்டை."

அக்காவின் முகம் மாறியது. "எந்தக் காது?"

"வலி வலது பக்கம்னா வலது காதுதான். கேட்கிற நரம்பு அந்தப் பாதையிலேயே, பக்கத்து வீடு மாதிரி இருக்கு. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் போவோம். ஆனாலும் சிலருக்குக் காது மந்தமாகலாம். சத்தம் கேட்கலாம், தலை சுத்தலாம், காதுக்குள்ள தண்ணி தேங்கின மாதிரி இருக்கலாம். பெரும்பாலும் சரியாயிடும். எல்லாருக்கும் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன்."

"டாக்டர், அது ஆபீஸ் காது."

டாக்டருக்குப் புரியவில்லை. கணவர் விளக்கினார். அவர் விளக்கியதைக் கேட்ட பிறகும் டாக்டருக்குப் புரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி சூப்பில் ஊறிய ரொட்டியை விழுங்கும்போது சுவிட்ச் மறுபடி விழுந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். வெட்டட்டும் என்று அர்த்தம்.

ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் கன்னத்தைத் தொட்டார். பிறகு தட்டினார். பிறகு, பக்கத்துக் கட்டில்காரர் பயப்படும்படி, பளார் என்று ஓர் அறை விட்டுக்கொண்டார். ஒன்றுமில்லை. சுவிட்ச் இல்லை, மின்சாரம் இல்லை. வெறும் கன்னம்! அக்கா அழுதார். அழுகை ஓய்ந்ததும் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

இத்தனை காலம் புருவத்தோடு நின்றுபோன விமர்சனங்கள், மறுப்புகள், திருத்தங்கள், கணவரின் தங்கை பற்றிய சில பொதுவான கருத்துகள் என்று நிலுவையில் இருந்த அத்தனையும் தேதி வாரியாக வந்தன. தையல் பிரிக்கிற நாள் வரை நிற்கவில்லை. கணவர் சந்தோஷத்தில் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஏழு மணிச் செய்திக்கு மனத்துக்குள்ளேயே ஒரு விடை கொடுத்தார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் டாக்டர் கேட்டார்: "வலது காது எப்படிம்மா?"

"கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு. பஞ்சு வெச்ச மாதிரி."

"வீக்கம் வடிஞ்சா சரியாகும். காதுக்குள்ள மணி அடிக்கிற மாதிரி, வண்டு ரீங்காரம் மாதிரி ஏதாவது சத்தம் கேட்குதா?"

அக்கா யோசித்தார். மணி இல்லை. வண்டு இல்லை. கேட்டதெல்லாம் அரை இஞ்சு ஜாயிண்டில் நல்ல அழுத்தத்தில் தண்ணீர் கசிகிற சீறல்தான். அது அவருக்குச் சத்தமே அல்ல. மீன் விற்கிறவளுக்கு மூக்கில் இருக்கிற வாசனை மாதிரி, தச்சன் தலைமுடியில் இருக்கிற மரத்தூள் மாதிரி, அது உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. லீவில் இருந்தாலும் காது ஆபீஸை நினைத்துக்கொள்கிறது என்றுதான் அவர் எண்ணிக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இல்லை டாக்டர்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

வேலையில் மறுபடி சேர்ந்ததும் முதல் புகார் வந்தது. ஒரு தெருவில் தண்ணீர் அழுத்தமில்லாமல் நூலாக வருகிறது. புகார் கொடுத்தவர் பல் டாக்டர். வாய் கொப்புளிக்கத் தண்ணீர் வராததால், நோயாளிகள் நுரையும் ரத்தமுமாக உட்கார்ந்திருக்கிறார்களாம். கம்பியக்கா புகாரை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். உலகத்தில் நீதி மெதுவாக வந்தாலும் சரியான விலாசத்துக்குத்தான் வருகிறது என்று நினைத்தார்.

வண்டிகள் கிளம்பாத விடியற்காலையில் தெரு அமைதியாக இருந்தது. அக்கா கம்பியை ஊன்றிக் கிண்ணத்தில் வலது காதை வைத்தார்.

கிண்ணம் காதை மூடியதும், உள்ளே சீறல் கணீரென்று எழுந்தது. இவ்வளவு துல்லியமான கசிவை அவர் வாழ்க்கையிலேயே கேட்டதில்லை. பெருக்கல் குறி போட்டார். மேஸ்திரி வெட்டினார். குழாய் வந்தது. காய்ந்து போய், தூசியோடு, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி கிடந்தது.

"வறண்ட குழி" என்றார் மேஸ்திரி, நம்பாமல். அந்த வார்த்தையை அவர் அக்காவின் எதிரில் சொல்லிப் பழக்கமில்லை. வாய் கொஞ்சம் கோணியது.

"கொஞ்சம் தள்ளியிருக்கும்" என்றார் அக்கா.

கொஞ்சம் தள்ளிக் கேட்டார். அங்கும் அதே சீறல். வெட்டினார்கள், வறண்டது. எதிர்ப்பக்கம் கேட்டார். அங்கும் சீறல். வறண்டது. தெருமுனையில் கேட்டார். அங்கேயும், விசுவாசமாக, சீறல். நாலாவது குழியிலிருந்து மேஸ்திரி தலையை நீட்டியபோது அவர் மீசையில் இருந்தது மண் மட்டும்தான்.

"அக்கா, இந்தத் தெருவுல தண்ணி இருக்கிறதுக்கே அடையாளம் இல்லை. என் வேர்வைதான் ஈரம்."

அதற்குள் விடிந்துவிட்டது. பல் டாக்டர் கிளினிக் திறக்க வந்தார். வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு குழி, அந்தப் பக்கம் இரண்டு குழி. தெரு, அவருடைய கைராசி பட்ட தாடை மாதிரி இருந்தது.

"யாரும்மா நீங்க? எதுக்கு நல்ல ரோட்டைத் தோண்டி வெச்சிருக்கீங்க? ஒரு குழியிலயாவது ஏதாவது இருந்துச்சா?"

கம்பியக்கா நிமிர்ந்தார். "நீங்க எதுக்கு டாக்டர் என் நல்ல பல்லைத் தோண்டினீங்க? ஒண்ணுலயாவது ஏதாவது இருந்துச்சா?"

டாக்டர் உற்றுப் பார்த்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. "வாயைத் திறங்க" என்றார். அக்கா கோபத்தில் திறந்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, "ஓ, நீங்களா! சைகையிலயே பேசுவீங்களே!" என்றார்.

"இப்ப நல்லாப் பேசுறேன். உட்காருங்க, கேளுங்க."

டாக்டர் உட்காரவில்லை. உள்ளே போய் வாரியத்துக்குப் போன் போட்டார்.

மதியம் பொறியாளர் கூப்பிட்டார். இளைஞர், அக்காவிடம் மரியாதை உள்ளவர், அதனாலேயே கஷ்டப்பட்டார். மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே பேசினார்.

"அக்கா, ஒரு தெருவுல நாலு வறண்ட குழி. மேலே கேட்கிறாங்க. உடம்பு இன்னும் தேறலைன்னா சொல்லுங்க, தப்பில்லை. புகார் பிரிவுல டெலிபோன் எடுக்கிற சீட் ஒண்ணு காலியா இருக்கு. நிழல்ல உட்காரலாம்."

"டெலிபோன் சீட்டா?"

"நாளைக்கு ஒருதரம் பாருங்க. குறி போட்டா தண்ணி வரணும். வரலைன்னா சாக்பீஸைப் புதுசா வந்திருக்கிற பையன்கிட்ட குடுத்துடலாம். எனக்கும் வேற வழியில்லைக்கா."

டெலிபோன் சீட் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். நாள் முழுக்க ஊரார் திட்டைக் காதில் வாங்கிக்கொண்டு "பதிவு பண்ணியாச்சுங்க" என்று சொல்கிற வேலை அது. எந்தக் கசிவையும் கண்ணால் பார்க்காமல், கசிகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. கம்பியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்த கணவர் மனைவியையும் கம்பியையும் பார்த்தார். "என்னம்மா, ஆயுதத்தோட வந்திருக்கே?"

அக்கா நடந்ததைச் சொன்னார். "தெரு பூரா ஒழுகுதுங்க. எங்கே வெச்சாலும் ஒழுகுது. வெட்டினா ஒண்ணுமில்லை. குழாய் என்னை ஏமாத்துது."

கணவர் யோசித்தார். அவர் சட்டம் போடுகிறவர். படம் கோணலாகத் தெரிந்தால், முதலில் சுவர் கோணலா என்று பார்க்கிற தொழில் புத்தி.

"ஏம்மா, இந்தப் பீரோவைக் கேளேன்."

"பீரோவையா? அதுல என்ன குழாய் போகுது?"

"போகலைதான். கேளேன், சும்மா."

அக்கா பீரோவின் கதவில் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தார். கணவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"ஒழுகுது" என்றார் அக்கா, மெல்ல.

"கட்டில்?"

கட்டிலும் ஒழுகியது. அரிசி டப்பா ஒழுகியது. மாமனார் படத்தின் சட்டம்கூட ஒழுகியது. அவர் வாழ்ந்த காலத்தில் எதையும் கசியவிடாத மனிதர். கடைசியில் கணவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"என் மண்டை மேல வெய்யி."

"வேண்டாங்க."

"வெய்யிம்மா. பயப்படாதே, உள்ளே ஒண்ணும் உடையாது."

அக்கா வைத்துக் கேட்டார். "ஒழுகுது."

"எவ்வளவு?"

"அரை இஞ்சு ஜாயிண்ட்."

"நீ கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கே. இன்னிக்குத்தான் ஆபீஸ் மூலமா உறுதியாச்சு."

அக்கா சிரிக்கவில்லை. கம்பியைச் சுவரில் சாய்த்தார். வெறும் உள்ளங்கையால் வலது காதை மூடினார். சீறல் அங்கேயே இருந்தது. கம்பியும் இல்லை, குழாயும் இல்லை, தெருவும் இல்லை. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் தலைதாங்க ஒழுகுது."

கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் கொண்டுவந்தார், அது பொருத்தமாக இல்லை என்று தோன்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தவர் பல் டாக்டர். அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது, ஒரு கருவி இருந்தது. காட்டிய இடத்தில் தோண்டினார். ஒன்றுமில்லை என்றதும் பக்கத்தில் தோண்டினார். கோளாறு வேறெங்கோ உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. மனிதர் இரண்டோடு நிறுத்தினார்; அக்கா நாலு போட்டிருக்கிறார். நாற்காலி இல்லாத அந்த அறையில், மனமில்லாமல், ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே காது டாக்டரைப் பார்த்தார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிய சின்னப் பெண். முதலில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதில் எறும்பு நடந்தால்கூட அக்கா அழுத்தினார். வலது காதுக்கு வந்ததும் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷின் கெட்டுப்போய்விட்டது போல என்று கூண்டுக்கு வெளியே சைகை காட்டினார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருக்கும்மா" என்றாள் டாக்டர். "காதுக்குப் பின்னாடி எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும். ஆபரேஷனுக்குத் திறந்தப்போ அந்த வழியா இறங்கியிருக்கு. கேட்கிற நரம்பும் கொஞ்சம் அதிர்ச்சியில இருக்கு. அதான் இரைச்சல். குனிஞ்சா மூக்குலேர்ந்து தண்ணி மாதிரி சொட்டுதா?"

"இல்லை."

"நல்லது. சொட்டினா அது மூளையைச் சுத்தியிருக்கிற நீர்; ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்காம ஓடி வரணும். இது தானா வடியும். கேட்கிறது பெருமளவு திரும்பலாம். இரைச்சல் குறையும், ஆனா கொஞ்சம் தங்கிடலாம். ஆஸ்பத்திரியிலயே ஏன்மா சொல்லலை? கேட்டிருப்பாங்களே?"

"மணியான்னு கேட்டாங்க. வண்டான்னு கேட்டாங்க. ஜாயிண்டான்னு யாரும் கேட்கலையே!"

திரும்பி வரும்போது கணவர் ஒரு யோசனை சொன்னார். ஆபீஸுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வடிகிற வரைக்கும் லீவு போட்டுவிடலாம்.

"லீவு போட்டா நாளைக்கே சாக்பீஸ் அந்தப் பையன் கைக்குப் போயிடுங்க. வலது காதால குறி போட்டா அஞ்சாவது வறண்ட குழி. அப்பவும் போயிடும்."

"இன்னொரு காது இருக்கே."

அக்கா நின்றுவிட்டார். "அதுவா? அது உங்க பேச்சைக் கேட்டே வளர்ந்த காதுங்க."

ஆனாலும் வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பயிற்சி தொடங்கியது. கணவர் சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாகவும் நூலாகவும் திறந்து திறந்து மூடினார். அக்கா கூடத்துச் சுவரில் கம்பியை வைத்து இடது காதால் கேட்டார். முதல் கோளாறு, இடது காது கிண்ணத்தில் பட்டதும் பழக்க தோஷத்தில் "ம்... அப்புறம்?" என்று சொல்லத் தோன்றியது. இரண்டாவது, அதற்குக் கேட்டதே தவிர, கேட்டது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கிற குழந்தை மாதிரி, சீறலா, உறுமலா என்று தடவித் தடவிப் போனது.

"இப்ப?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"திறந்திருக்கு."

"மூடியிருக்கும்மா."

"அப்ப நீங்க பேசினதுதான் கேட்டிருக்கு. வாயை மூடிட்டுத் திறங்க!"

மறுநாள் விடியலில் தெருவில் மூன்று பேர் நின்றார்கள். கம்பியக்கா, மேஸ்திரி, தூக்கக் கலக்கத்தோடு பொறியாளர். மண் போட்டு மூடிய நாலு குழிகளும் கட்டுப் போட்ட காயம் மாதிரி தெரிந்தன. அக்கா கம்பியை ஊன்றவில்லை. முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், ஒரு விஷயம். தெரு ஒழுகுதுன்னு நான் சொன்னேன் பாருங்க, அது என் காது. ஆபரேஷன்ல தண்ணி கோத்துக்கிச்சு. எந்நேரமும் ஜாயிண்ட் கசியிற மாதிரி கேட்குது. தெருவுல வெச்சாலும் அதே, வீட்டுக்காரர் தலையில வெச்சாலும் அதே."

பொறியாளருக்கு எந்தப் பகுதிக்கு வாயைப் பிளப்பது என்று தெரியவில்லை. மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப அந்த நாலு குழி?"

"என் காதுக்குள்ள தோண்டியிருக்கணும்."

மேஸ்திரி அக்காவின் காதையும் தன் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு இது பெருசுக்கா" என்றார், ஆழ்ந்த அனுதாபத்தோடு.

"இன்னிக்கு இந்தக் காதால கேட்கப் போறேன். இதுக்கு அனுபவம் பத்தாது. தப்பா வரலாம். தப்பா வந்தா, சார், டெலிபோன் எங்கே இருக்குன்னு காட்டுங்க."

இடது காதைக் கிண்ணத்தில் வைத்தார். தெரு நீளத்துக்கும் போனார். வலது காதில் தன் சொந்தக் கசிவு சீறிக்கொண்டே கூட வந்தது. அதை, கூட்டத்தில் இடிக்கிற ஆளை ஒதுக்குவது போல ஒதுக்கினார். பல இடங்களில் நின்றார். திரும்பி வந்தார். மறுபடி போனார். பொறியாளர் இரண்டு கொட்டாவியை விழுங்கினார். கடைசியில் பல் டாக்டரின் கிளினிக் வாசலில், இரண்டு கல் படிகளுக்கு முன்னால் அக்கா நெடுநேரம் குனிந்து நின்றார். சாக்பீஸை எடுத்தார். பெருக்கல் குறி போடவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "என்னக்கா இது? கொக்கி மாதிரி?"

"கேள்விக்குறி."

"இதை எப்படிக்கா வெட்டறது? பெருக்கல்னா நடுவுல போடுவேன். இதுல நடு எங்கே இருக்கு?"

"புள்ளியில ஆரம்பி. மெதுவா வெட்டு."

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். தன் படியையும் கேள்விக்குறியையும் கடப்பாரையையும் ஒரே பார்வையில் பார்த்தார். முகம் வெளிறியது.

"படியை எடுக்கப் போறீங்களா? நிச்சயமா இங்கேதானா?"

கம்பியக்கா அவரை நிதானமாகப் பார்த்தார். "நிச்சயம்னு என்கிட்ட ஒருத்தர் ரெண்டு தரம் சொன்னார் டாக்டர். நானும் இந்தத் தெருவுல நாலு தரம் சொல்லிட்டேன். இன்னிக்குச் சொல்ல மாட்டேன். இருக்கும்னு தோணுது. இல்லாமலும் இருக்கலாம். வெட்டவா, வேண்டாமா?"

பல் டாக்டரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. "மரத்துப்போக ஊசி ஏதாவது போடுவீங்களா?" என்றார்.

"வெட்டு" என்றார் அக்கா மேஸ்திரியிடம்.

படி பெயர்ந்தது. மண் வந்தது. குழாய் வந்தது. காய்ந்திருந்தது. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கம்பியக்கா கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். நன்றாக இருக்கிற சாக்பீஸ், பாதிகூடத் தேயவில்லை. அதைப் பொறியாளர் பக்கம் நீட்டினார்.

குழிக்குள்ளிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "அக்கா, மண்ணு இந்தப் பக்கம் ஜில்லுனு இருக்கு."

யாரும் சொல்லாமலே அவர் பக்கவாட்டில் அகலப்படுத்தினார். ஒரு முழம் தள்ளி, இரண்டாவது படிக்கு அடியில், கடப்பாரை எதையோ தொட்டது. அடுத்த கணம் தண்ணீர் உறுமிக்கொண்டு கிளம்பி மேஸ்திரியின் மீசையை நனைத்து, பொறியாளரின் பேண்ட்டை நனைத்து, "பல் பிடுங்க வலி இல்லை" என்று எழுதியிருந்த போர்டில் போய் மோதி இறங்கியது.

"ஒரு முழம் பிசகு" என்றார் அக்கா. "புதுக் காது, பரவாயில்லை."

பொறியாளர் நனைந்த பேண்ட்டோடு, நீட்டிய சாக்பீஸைத் திரும்ப அக்காவின் கைக்குள்ளேயே வைத்து மூடினார். "டெலிபோன் சீட்டுக்கு அந்தப் பையனை அனுப்பிடறேன். ஆனா ஒண்ணுக்கா, இனிமேல் இந்தக் கொக்கியே போடுங்க. நானும் மேலே பதில் சொல்ல வசதியா இருக்கும்."

பல் டாக்டர் படி இல்லாத வாசலில் தத்தளித்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு பல்லுக்குப் பதிலா நான் கட்டிக் குடுத்துடறேன்மா. செலவு என்னோடது."

"எந்தப் பக்கம்னு தெரியுமா?"

டாக்டர் வாயைத் திறந்தார். வாய் நிறைய "நிச்சயம்" வந்தது. அதை விழுங்கினார். "ஒருதரம் காட்டினீங்கன்னா நல்லது" என்றார்.

அக்காவின் மனத்து அறையில் அன்று முக்காலி போய் நாற்காலி வந்தது. ஜன்னல் பற்றி இன்னும் முடிவாகவில்லை.

நாளாக நாளாகக் காதுக்குள் கோத்த நீர் வடிந்தது. வலது காது பாதி தூரம் திரும்பி வந்து, ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி அவ்வப்போது ஆலோசனை சொல்லியது. வேலையை இடது காதே பார்த்துக்கொண்டது. அதனால் கணவர் பேச்சுக்கு ஒதுக்க எந்தக் காதும் மிச்சமில்லை என்று ஆனது. ஏழு மணிச் செய்தியையும் அவர் கேட்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

சீறல் மட்டும் முழுசாகப் போகவில்லை. விளக்கணைத்துப் படுத்தால் மெல்லிசாக எழும்.

"இன்னும் கேட்குதாம்மா?" என்பார் கணவர்.

அக்கா கண்ணை மூடிக் கொஞ்சம் கவனிப்பார். "சின்ன ஜாயிண்ட்தாங்க" என்பார். "தோண்ட வேண்டாம்."